இரண்டு தடவை மன்னித்தவள்

அந்தோணிசாமியை அடக்கம் பண்ணின அன்று தெரு மொத்தமும் பெட்டியைப் பார்த்து அழுதது. அவன் பெண்சாதி சவுரியம்மாள் மட்டும் பெட்டியைப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்ற இருதயராஜின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று அவன் போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தான். அறுத்திருந்தால் காயம் இருக்கும். காயம் இருந்தால் கயிற்றை நிறுத்தப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். காயமே இல்லையென்றால்? அந்தத் துணியை அவிழ்த்துக் காட்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டார். ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளிப் போட வரிசையாக வந்தார்கள். இருதயராஜும் போட்டான், துணி சுற்றிய கையாலேயே.

அது 1952, மே மாசக் கடைசி. திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற ரோட்டில் இரண்டு மைல் தள்ளி உள்ளே இறங்கினால் செம்மண்குட்டை. அங்கே மாதா கோயிலைச் சுற்றி நாற்பது கூரை வீடுகள். யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆம்பிளைகள் கோடையில் கிணறு வெட்டப் போவார்கள், மழை பெய்தால் ஏர் ஓட்டப் போவார்கள். அந்தோணிசாமியும் இருதயராஜும் ஒரே ஜோடி. ஒருவன் கிணற்றுக்குள் இறங்கிப் பாறை உடைத்தால் மற்றவன் மேலே கயிறு பிடிப்பான். எட்டு வருசமாக அப்படித்தான். இருதயராஜ் வயதில் சின்னவன். அந்தோணிசாமியை அண்ணன் என்றும் சவுரியம்மாளை அண்ணி என்றும் கூப்பிடுவான். வீடும் எதிரெதிர் வீடு.

அந்த வருசம் திருவிழாவில் மாதா சப்பரத்தை யார் முன்னால் தூக்குவது என்று ஒரு பேச்சு வந்தது. முன்வாரையில் நின்ற இருதயராஜை அந்தோணிசாமி பின்னால் போகச் சொன்னான். அவன் நகரவில்லை. ஊரே பார்க்க, பாண்டு மேளம் நின்றுபோக, அந்தோணிசாமி அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். இருதயராஜ் திருப்பி அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போன விதம் சவுரியம்மாளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தால் நல்லது என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் கிருஷ்ணசாமி என்கிற பெரிய விவசாயியின் கிணற்றில் வேலை. கூடக் கயிறு பிடிக்கிற ஆள் கேப்பைக் கூழ் குடிக்கப் போயிருந்தான். மேலே இருதயராஜ் தனியாக நின்றான். அந்தோணிசாமி இறங்கிக்கொண்டிருந்தான். நாற்பதடி ஆழம், அடியில் பாறை.

போலீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். தெருவும் அப்படித்தான் சொன்னது. சவுரியம்மாளுக்கு இருபத்து நாலு வயது, பிள்ளை இல்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. பார்க்க ஆரம்பித்தாள்.

துணியை அவிழ்த்த பிறகு இருதயராஜ் கையை மடக்கியே வைத்திருந்ததாக அவளுக்குப் பட்டது. பூசையில் கை கூப்பி நின்றால் புறங்கைதான் தெரியும். அவன் தண்ணீர் குடிப்பதை, மாட்டை அவிழ்ப்பதை, வேலி கட்டுவதை எல்லாம் எதிர்வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பாள். உள்ளங்கை மட்டும் கண்ணில் படாது. 'மறைக்கிறான்' என்று நினைப்பாள். மறைக்கிறவனிடம் மறைக்க என்னமோ இருக்கிறது.

வேர்க்கடலை அறுவடை முடிந்ததும் அவள் வாசலில் ஒரு கூடை மல்லாட்டை இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை, கூடை எதிர்வீட்டுக் கூடை. அதில் ஒரு கை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு ஒரு பகல் முழுக்கக் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மீதியைக் கொண்டுபோய்க் குட்டையில் கொட்டினாள். இன்னொரு வருசம் புயலில் அவள் கூரை பிய்ந்துபோனது. வேலையிலிருந்து திரும்பி வந்தால் புதுக் கீற்று போட்டுக் கட்டியிருந்தது. அவள் ஏணி வைத்து ஏறி, கட்டின கீற்றையெல்லாம் தானே பிடுங்கி அவன் வாசலில் போட்டுவிட்டு வந்தாள். இருதயராஜின் பெண்சாதி சின்னபொண்ணு வெளியே ஓடிவந்து, "இன்னாக்கா இது? நல்லதுதானே செஞ்சாரு?" என்றாள்.

"நல்லது செய்யற அளவுக்கு உன் ஊட்டுக்காரனுக்கு எங்கிட்ட இன்னா கடமை? அத்த கேளு மொதல்ல."

சின்னபொண்ணு பதில் பேசாமல் உள்ளே போனாள். பேசாமல் போனதும் சவுரியம்மாளுக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது.

புருசன் செத்த அடுத்த வருசமே அவள் திண்டிவனத்தில் கன்னியர் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் நடந்து போய்ச் சாயங்காலம் நடந்து வருவாள். நல்ல வேலைக்காரி என்று பேர். நோயாளி பொய் சொன்னால் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். மருந்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்தால் நேராக அங்கேதான் கையை விடுவாள். டாக்டரம்மாகூட, "சவுரியம்மாகிட்ட கேளுங்க, அவளுக்குத் தெரியும்" என்பாள். ஊரைச் சந்தேகமாகப் பார்த்துப் பார்த்தே அந்தக் கண் அவளுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவாள். ஆனால் பரலோக மந்திரம் சொல்லும்போது, நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு வரி போனதும் மறுபடி சேர்ந்துகொள்வாள். பொய் சொல்லிக் கடவுளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவள் நியாயம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் பொறுக்கச் சொல்வார். பொறுக்க வேண்டுமானால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டாமா?

பதினோரு வருசம் போனது.

1963இல், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரியின் பின்கோடியில் தனியாக இருந்த காசநோய்க் கொட்டகைக்கு அவளை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மூன்றாவது கட்டிலில் இருதயராஜ். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். இருமும்போது துப்பும் கிண்ணத்தில் ரத்தம். அவன் நோயில் கிடப்பது தெருவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இங்கே வந்து சேருவான் என்று அவள் நினைக்கவில்லை. விழுப்புரத்தில், பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரி இல்லையா? அவள் வேலை செய்கிற இடத்துக்கு ஏன் வந்தான்?

டாக்டரம்மா வெளியே வந்து, "ரொம்ப முத்திப்போச்சு. ஊசி போட்டுப் பார்க்கிறோம். வீட்டுக்காரங்ககிட்ட எதுக்கும் சொல்லி வை" என்றாள்.

இரண்டு நாள் அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தாள். மூன்றாம் நாள் அவன் உடம்பைத் துடைக்க வேண்டியிருந்தது. ஈரத்துணியோடு அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். இடது உள்ளங்கையில் குறுக்காக, சுண்டுவிரல் அடியிலிருந்து பெருவிரல் வரை, வழுவழுவென்று ஒரு தழும்பு. வலது கையைத் திருப்பினாள். காய்ப்பு இருந்தது. தழும்பு இல்லை.

இருதயராஜ் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்துட்டியா அண்ணி?"

அவள் கையை விடவில்லை.

"ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன். ஒரு கையை எடுத்துட்டேன். ஊரு பார்க்கக் கூடாதுன்னுதான் அதுலயும் துணி சுத்திக்கினேன்."

"ஏன் எடுத்த?" பதினோரு வருசத்தில் அவனிடம் அவள் பேசின முதல் வார்த்தை அது.

"வேர்வை கண்ணுல எறங்குச்சு. தொடைக்க எடுத்தேன். போலீசுகிட்டயும் அதான் சொன்னேன், சாமியார்கிட்டயும் அதான் சொன்னேன். அது நெசந்தான் அண்ணி." இருமல் வந்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆனா வேற யாராச்சும் கீழ எறங்கிக்கினு இருந்தா எடுத்திருப்பேனா? அத்தத்தான் நான் கேட்டுக்கினே இருக்கேன். அன்னிக்குக் காலையிலகூட அண்ணன் அடிச்ச அடி கன்னத்துல எரிஞ்சிக்கினு இருந்துச்சு. கை நழுவுச்சா, மனசு உட்டுச்சா, எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லிட மாட்டேனா?"

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். முதலில் தோன்றியது இதுதான்: கெட்டிக்காரன். செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. சாகிற நேரத்தில் அவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகத்தான் இந்த ஆஸ்பத்திரியைத் தேடி வந்திருக்கிறான். ஆனால் இன்னொன்றும் தோன்றியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவன் 'மனசு உட்டுச்சா' என்று ஏன் சொல்ல வேண்டும்? இதையும் அதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தீரவில்லை. தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும் என்று பதினோரு வருசமாக நம்பியிருந்தாள். தெரிந்தவன் என்று அவள் நினைத்த ஒரே ஆளுக்கும் தெரியவில்லை. இனிமேல் யாரைப் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை கன்னியர் கோயிலில் சிலுவைப்பாதை; ஆண்டவர் பாடுபட்ட பதினாலு ஸ்தலங்களின் படங்கள் முன்னால் ஒவ்வொன்றாக நின்று செபிப்பார்கள். அவளும் ஓரமாக முழங்காலில் நின்றாள். ஆண்டவரைச் சிலுவையில் ஆணி அடிக்கிற ஸ்தலம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் சுத்தியலை ஓங்கி நின்ற சேவகனின் முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. எத்தனையோ வருசம் பார்த்த படம். இன்றைக்குத்தான் அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இவன் ஆத்திரத்தோடு அடித்தானா, மேலே இருக்கிறவன் சொன்னான் என்று அடித்தானா, அடிக்கும்போது கை கூசியதா? ஆண்டவர் அதையெல்லாம் விசாரிக்கவில்லை. இவர்களைப் பொறுத்துக்கொள்ளும் என்று பிதாவிடம் கேட்டபோது, ஒருவன் பேரைக்கூடச் சொல்லிக் கேட்கவில்லை. விசாரித்துவிட்டுப் பொறுப்பதாக இருந்தால் அந்தச் சிலுவையில் எத்தனை வருசம் தொங்கியிருக்க வேண்டும்? தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டாள். பதினோரு வருசம்.

மற்றவர்கள் அடுத்த ஸ்தலத்துக்கு நகர்ந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் கொட்டகைக்குப் போனாள். சின்னபொண்ணு கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். சவுரியம்மாள் நின்றபடியே சொன்னாள்.

"கேளு. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர் மேல இருக்காரு. அவர் பார்த்துக்கட்டும். நான் பொறுத்துட்டேன். நீ நிம்மதியா போய்ச் சேரு."

இருதயராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். சின்னபொண்ணு அவள் காலைப் பிடிக்க வந்தாள். சவுரியம்மாள் விலகிக்கொண்டு நடந்தாள். ஓமந்தூர் ரோட்டில் நடக்கும்போது உடம்பு இலேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரலோக மந்திரத்தை ஒரு வரி விடாமல் சொன்னாள்.

ஆனால் இருதயராஜ் சாகவில்லை.

ஊசி பிடித்துக்கொண்டது. ஒரு மாசத்தில் ரத்தம் நின்றது, மூன்று மாசத்தில் எழுந்து உட்கார்ந்தான், மழைக்காலத்தில் கொட்டகையைச் சுற்றி நடந்தான். டாக்டரம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மற்ற நோயாளிகளுக்கு அவனைக் காட்டித் தைரியம் சொன்னாள். சவுரியம்மாளுக்கு நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஆயிற்று. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தாள். உண்மையிலேயே அவ்வளவு முத்தியிருந்ததா? பிழைப்பேன் என்று அவனுக்கு முன்பே தெரியுமா? அவள் கண்ணால் பார்த்த ரத்தத்தைக்கூட இப்போது சந்தேகப்பட்டாள். கொடுத்துவிட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்றுகூட யோசித்தாள்.

அவன் வீடு திரும்பினான். மறுபடி எதிர்வீட்டில் அதே இருமல், அதே நடை. தன் புருசனுக்கு இந்த வயது வரவே இல்லை என்று தினமும் அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் ஊர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். "செத்துப்போவான்னு நெனச்சிப் பொறுத்தேன் சாமி. இப்போ நடமாடறான். அந்தப் பொறுத்தது செல்லுமா?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது. பிறகு சொன்னார்: "செத்தவனைப் பொறுக்கிறது சுலபம் அம்மா. நீ அதைச் செய்துட்டே. உயிரோட இருக்கிறவனை இனிமேதான் பொறுக்கணும். நாளைக்குக் காலையில ஒரு தடவை செய்து பார்."

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போகும்போது, எதிர்வீட்டைத் தாண்டுகிற அந்தப் பத்தடி தூரத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, 'இன்னிக்கு மட்டும் பொறுத்தேன் ஆண்டவரே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. சில நாள் வாய் வரவில்லை. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஒருநாள் சொல்ல மறந்தே போய்விட்டாள்; ரோட்டில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. கோபத்தையே மறந்துவிட்டு அவள் அந்த வீட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

இப்படி இரண்டு வருசத்துக்கு மேல் போனது. 1966இல், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஒரு பொம்பளை வந்தாள். முட்டி வலி என்றாள். நாற்பத்தைந்து வயது, நல்ல சேலை. டாக்டரம்மாவைப் பார்க்க அவசரப்படவில்லை. ஆயா எங்கே, ஆயா எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தாள். முட்டி வலிக்காரி மூன்று படியைக் கையூன்றாமல் ஏறினதைச் சவுரியம்மாள் பார்த்துவிட்டாள்.

"உனக்கு முட்டி வலி இல்ல. இன்னா வேணும், சொல்லு."

அந்தப் பொம்பளை திகைத்துப்போய்ச் சிரித்தாள். "நீதான் சவுரியம்மாவா? எம்பேரு அருளாயி. விழுப்புரத்துலேர்ந்து வர்றேன். எம்மவன் அங்க ரயில்வேயில கலாசியா இருக்கான். செம்மண்குட்டையில இருதயராஜு மவ லூர்துமேரிய பார்த்திருக்கோம். பொண்ணு புடிச்சிருக்கு. ஆனா ஊருக்குள்ள ஒரு பேச்சு கேட்டேன். அதான் உன்னையே கேட்டுடலாம்னு வந்தேன்."

"இன்னா பேச்சு?"

அருளாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் ஊட்டுக்காரரை அந்த ஆளு கெணத்துல உட்டு சாவடிச்சிட்டாராமே. நெசமா? நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். கொலகாரன் ஊட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

சவுரியம்மாள் கையில் வைத்திருந்த மருந்துத் தட்டை ஜன்னலில் வைத்தாள். ஒரு வார்த்தைகூட வேண்டாம். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அருளாயி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். பொய் சொன்ன பாவம்கூட வராது. பதினான்கு வருசமாக இந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். தெரு கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை. இன்றைக்கு ஒருத்தி பஸ் ஏறி வந்து கேட்கிறாள்.

லூர்துமேரியை நினைத்தாள். அப்பன் கயிற்றை விட்டபோது அது ஐந்து வயதுக் குழந்தை. எதிர்வீட்டுப் பெரியம்மா ஏன் முறைக்கிறாள் என்று தெரியாமலே வளர்ந்த பெண்.

"உக்காரு" என்றாள் அருளாயியிடம். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெசத்த சொல்றேன். எம்புருசன் அவனை ஊர்பார்க்க அடிச்சாரு. எட்டு நாள் கழிச்சி இவன் கயிறு புடிச்சிக்கினு இருந்தப்போ அவர் உழுந்து செத்தாரு. ஒரு கையை எடுத்துட்டான். ஏன் எடுத்தான்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வருசக்கணக்கா அவனைக் கொலகாரன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன். இப்பவும் சில நாளு நெனைப்பேன்."

அருளாயி எழுந்திருக்கப் போனாள். சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முழுசா கேட்டுட்டுப் போ. செத்தவரு எம்புருசன். பொறுக்கவேண்டியவ நானு. ஆண்டவர் முன்னால நான் பொறுத்துட்டேன். நானே உட்டப்புறம் நீ எதுக்கு அத்த எடுத்துக்கினு போற? பொண்ணு தங்கமான பொண்ணு. அவங்கப்பன் மூணு வருசத்துக்கு முன்ன பொணமா கெடந்தப்போ மூஞ்சி சுளிக்காம பார்த்தவ. உன் வயசான காலத்துல உன்னையும் பார்ப்பா. எடுத்துக்கோ."

அருளாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஒரு தினுசான பொம்பளம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பெண் வீட்டுக்குத் தட்டு வந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்தபோது, முதல் ஞாயிறு பத்துத் தலையாவது சவுரியம்மாள் பக்கம் திரும்பியது. அவள் செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் ஞாயிறு யாரும் திரும்பவில்லை.

அருளாயி சம்பந்தி வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. இருதயராஜ் அதற்குப் பிறகு சவுரியம்மாளைக் கண்டால் எழுந்து நிற்பான். அவள் தாண்டிப் போனதும்தான் உட்காருவான். சின்னபொண்ணுதான் ஒருநாள் காலையில் தெருக்குழாயில் அவளைத் தனியாகப் பிடித்தாள். முகத்தில் நன்றி இல்லை. கண் இடுங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? அம்மாம் வருசம் எங்கள ஏறெடுத்துப் பார்க்காதவ, எம்பொண்ணுக்கு இம்மாம் நல்லது ஏன் செஞ்ச? மனசுல இன்னா வெச்சிக்கினு இருக்க? நாளைக்குப் போற எடத்துல ஏதாச்சும் சொல்லி அவ வாழ்க்கைய பேஜாரு பண்ணிட மாட்டியே?"

சவுரியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடு தூங்குவது எப்படியிருக்கும், எழுந்திருப்பது எப்படியிருக்கும், சோறு எந்த ருசியில் இறங்கும் என்பதெல்லாம் தெரியும்.

"ஒண்ணும் வெச்சிக்கல சின்னபொண்ணு."

"நெசமா?"

"நெசமா. நீ நம்பலன்னா பரவால்ல. நான் எதிர்லதானே இருக்கேன். பார்த்துக்கினே இரு."

சின்னபொண்ணு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். விழுப்புரத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சவுரியம்மாளும் போய்ப் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு வந்தாள். சின்னபொண்ணுக்கு முழுசாக நம்பிக்கை வர இன்னும் இரண்டு மழைக்காலம் பிடித்தது. சவுரியம்மாள் அவளை அவசரப்படுத்தவில்லை.